அரை எண்ணிக்கை முன்னால்

17

ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். தண்ணீரைக் கொதிக்க வைத்து டீ போட்டான். கறுப்புச் சட்டைக்கு இஸ்திரி போட்டான். மேடைக்குப் பின்னால் வேலை செய்கிறவர்களுக்குக் கறுப்பைத் தவிர வேறு நிறம் கிடையாது. டார்ச் எரிகிறதா என்று அமுக்கிப் பார்த்தான். எரிந்தது. இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தான். கையுறையில் வலது மட்டும் கிடைத்தது. இடதைத் தேடவில்லை. டீ ஆறிவிட்டிருந்தது. குடித்துவிட்டு மாடியிலிருந்து இறங்கினான்.

கீழே மாமியார் செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். நடனக் குழுவை நடத்துகிறவர். எல்லோருக்கும் டீச்சர். அவனுக்கு மட்டும் அத்தை.

"மாப்பிள்ளை, சட்டையில பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க."

குனிந்து பார்த்தான். ஒரு பட்டன் இறங்கித்தான் இருந்தது.

"கறுப்புச் சட்டை அத்தை. இருட்டுல யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்த்துட்டேனே."

சின்னவள் வண்டியின் பின் இருக்கையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தடித்த கோப்பு. அதைக் குழந்தையைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

இந்தக் குடும்பத்தோடு பதினாறு வாரமாக வந்துகொண்டிருப்பவர்களுக்கு வண்டியில் யார் யார் என்று சொல்ல வேண்டாம். இந்த வாரம் புதிதாக ஏறியவர்களுக்காக இரண்டே வார்த்தை. மாமியாருக்கு இரண்டு பெண்கள். பெரியவள் குழுவின் மேடை நிர்வாகி. அவளைக் கட்டியவன் இவன். அதே குழுவுக்கு விளக்கு அமைத்து, தானே இயக்கவும் செய்கிறவன். ஏழு மாதத்துக்கு முன்னால் பெரியவள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான்காம் நாள் இவன் மட்டும் திரும்பி வந்தான்.

சின்னவள் மடியில் இருக்கிறதே, அந்த மாதிரிக் கோப்புக்குக் குழுவில் 'புத்தகம்' என்று பெயர். ஆட்டத்தின் எந்த அடிக்கு எந்த விளக்கு எரிய வேண்டும், எந்தத் திரை விழ வேண்டும் என்று அதில் எண் போட்டுக் குறித்திருக்கும். புத்தகத்தை வைத்திருப்பவள் மேடை ஓரத்தில் உட்கார்ந்து, ஹெட்செட்டில் 'ஸ்டாண்ட்பை' என்று தயாராக்கி, 'கோ' என்று சொன்னால்தான் மேடையில் எதுவும் நடக்கும். அவள் சொல்லாவிட்டால் அரங்கம் முழுக்க இருட்டுதான்.

"புத்தகத்தைத் தங்கச்சிகிட்ட குடுக்கச் சொல்லிட்டுத்தான் என் பொண்ணு கண்ணை மூடினா." மாமியார் இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதை நம்பித்தான் சின்னவள் இந்த வேலைக்கு வந்தாள்.

பெரியவள் அப்படிச் சொல்லவே இல்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மாமியார் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "ஏதாவது சொன்னாளா? கடைசியா ஏதாவது சொன்னாளா?" அப்போது புத்தகம் அவன் மடியில் இருந்தது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். ஒரு நொடிப் பொய். ஏழு மாதத்தில் அதற்குக் கை கால் முளைத்து, இப்போது வீட்டில் ஓர் ஆள் மாதிரி நடமாடுகிறது.

போன வாரம் சின்னவளுக்கு ஒரு கடிதம் வந்தது. வேறு ஊரில் குடிநீர் ஆய்வகம். அவள் படித்த படிப்புக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற வேலை. நாளை மறுநாள் சேர வேண்டும். நாளை மறுநாள்தான் இங்கே, பெரியவள் போன பிறகு குழுவின் முதல் காட்சி. தேதியைத் தள்ளிக் கேட்டுப் பார்த்தாள், முடியாது என்றுவிட்டார்கள். வருகிறேன், வரவில்லை, இரண்டில் ஒன்றை இன்று மாலை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும். கடிதத்தை அவனிடம் மட்டும் காட்டியிருந்தாள். "அக்கா சொல்லிட்டுப் போயிருக்கா. எப்படி மாமா விட்டுட்டுப் போறது?" என்று கேட்டிருந்தாள்.

அவன் வாயே திறக்கவில்லை.

வண்டி நின்றது. மாமியார் முன்னால் இறங்கிப் போனார். சின்னவள் அவன் பக்கம் குனிந்து, "அஞ்சு மணி" என்றாள், ரகசியமாக. அவன் டார்ச்சை அமுக்கிப் பார்த்தான்.

அரங்கத்தில் உட்கார ஆளில்லாத நாற்காலிகள் எழுநூறு. மேடையின் இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கிகளில் விளக்குகள். கணுக்கால் உயரத்தில் ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று, தலைக்கு மேலே ஒன்று. நாடகத்துக்கு முகம் தெரிந்தால் போதும். நடனத்துக்கு உடம்பு தெரிய வேண்டும், அதனால் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும் என்பான். முன்பெல்லாம் இதைக் கேட்காதவர்களிடமும் சொல்வான்.

பத்தரைக்கு ஒத்திகை. பின்வரிசைக்கு மேலே இருக்கும் கண்ணாடி அறையில் அவன். மேடையின் இடது ஓரத்தில், மறைவில், சின்ன நீல விளக்கின் கீழ் சின்னவள். பார்வையாளர் நாற்காலியில், கையில் மைக்குடன் மாமியார்.

முப்பத்துமூன்றாம் குறி வரை பழுதில்லாமல் போனது. முப்பத்துநாலுதான் விவகாரம். முழு இருட்டு. எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ஆட்டக்காரி மட்டும் இருட்டிலேயே மூன்று படி மேடையில் ஏறி நிற்பாள். எட்டு எண்ணிக்கை. எட்டாவதில் இடமிருந்து வெளிச்சம் ஒரு பட்டையாக விழும். அதே எட்டில் அவள் குதிப்பாள். வெளிச்சம் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் குதிக்க நேரம் கிடையாது. வரும் என்று நம்பிக் குதிக்க வேண்டும்.

"விளக்கு, ஸ்டாண்ட்பை முப்பத்துநாலு."

"ஸ்டாண்ட்பை."

"கோ."

அமுக்கினான். வெளிச்சம் விழுந்தபோது நெட்டையின் கால் தரைக்குப் பக்கத்தில் வந்திருந்தது. தள்ளாடி நின்றாள்.

"நிறுத்து!" மைக் அலறியது.

நெட்டை இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "டீச்சர், நான் குதிச்சு முடிச்சப்புறம் விளக்கு வருது. விழுந்தவ எங்க கிடக்கறான்னு தேடறதுக்கா?"

யாரோ சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை.

இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை நெட்டையின் வலது பாதம் மடங்கி, 'அம்மா' என்று உட்கார்ந்துவிட்டாள். ஐஸ் கொண்டுவர ஒருத்தி ஓடினாள்.

மாமியார் எழுந்து நின்றார். "எட்டுல கோ சொல்லணும். எட்டு முடிஞ்சு ஊருக்குப் போனப்புறம் இல்ல."

"எட்டுலதாம்மா சொல்றேன்." சின்னவளின் குரல் ஹெட்செட் வழியாகவும் மேடை வழியாகவும் இரண்டாகக் கேட்டது.

"உங்கக்கா இதை இருநூறு தடவை சொல்லியிருப்பா. ஒரு தடவை பிசகினதுண்டா?"

"நான் சரியாத்தான்..."

"அப்ப மாப்பிள்ளை கைதான் கோளாறா?"

இதற்கும் சிலர் சிரித்தார்கள். குழுவில் அவன் கையின் வேகம் அவ்வளவு பிரசித்தம். கண்ணாடி அறையில் அவனுக்கும் உதட்டோரம் லேசாக இழுத்தது. எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை.

"நெட்டை காலை உடைச்சுத்தான் அக்கா பேரைக் காப்பாத்தப் போறியா?" என்றார் மாமியார். "போங்க. போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க."

சாப்பாட்டு இடைவேளையில் அவனால் உட்கார முடியவில்லை. ஏணியில் ஏறி, துடைக்கத் தேவையில்லாத விளக்கு ஒன்றைத் துடைத்தான். இறங்கினான். தரையில் ஒட்டியிருந்த டேப்பைக் காலால் தேய்த்தான். சின்னவளின் மேசைக்குப் போனான். அவள் இல்லை. அவள் எழுதிய புதுப் புத்தகம் மேலே இருந்தது. நான்கு நிறப் பேனா, நூல் பிடித்த மாதிரிக் கோடுகள். அதன் கீழே பழையது.

ஏழு மாதமாக அதை அவன் தொட்டதில்லை. இப்போது தொட்டதுகூடத் தொடத் தோன்றியதால் இல்லை. எட்டு என்றுதானே இருக்கிறது என்று பார்த்துவிட்டால் சும்மா இருக்கலாம் என்பதால்தான்.

முப்பத்துநாலு எட்டில் இல்லை. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இருந்தது. பென்சிலால் ஒரு சின்ன அம்பு, இடது பக்கம் பார்த்து.

அடுத்த பக்கம் திருப்பினான். முப்பத்தைந்திலும் அம்பு. முப்பத்தாறிலும். வேகமாகத் திருப்பினான். திரைக்கான குறிகள் எல்லாம் கோட்டின் மேலேயே இருந்தன. இசைக்கானவையும் கோட்டின் மேலேயே. விளக்குக்கானவை மட்டும், ஒன்று விடாமல், அரை விரல் முன்னால் தள்ளி நின்றன.

முதல் பக்கத்துக்கு வந்தான். ஆட்களின் தொலைபேசி எண்கள். கீழே, அவள் தனக்காக எழுதிக்கொண்ட குட்டி எழுத்துகள்:

திரை - சொன்னதும் இழுப்பார். ஒலி - சொன்னதும் போடுவான். விளக்கு - அரை எண்ணிக்கை முன்னால் சொல்லணும். மூச்சு எடுத்துட்டுத்தான் அமுக்குவான்.

படித்து முடித்தபோது ஒரு மூச்சை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு நிற்பது அவனுக்கே தெரிந்தது.

ஆறு வருஷம். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து, "என் கை கடிகாரம் மாதிரிப்பா" என்று அளப்பான். அவள் டீ டம்ளரை ஊதிக்கொண்டே, "ஆமாமா" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சின்னவள் ரொட்டிப் பொட்டலத்துடன் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"இந்தப் பென்சில் அம்பெல்லாம் உன் புத்தகத்துல ஏன் இல்ல?"

"அக்கா அவசரத்துல தள்ளித் தள்ளிப் போட்டிருந்தா மாமா. அம்மாவோட தாளப் பட்டியலை வெச்சு ஒவ்வொண்ணா சரி பண்ணினேன். ஒரு வாரம் ஆச்சு."

"முதல் பக்கம் பார்த்தியா?"

"போன் நம்பர்தானே?"

"கீழ படி."

படித்தாள். முதலில் சிரித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் ரொட்டிப் பொட்டலத்தாலேயே அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"நீங்கதானா! நீங்கதானா அது! ரெண்டு மாச ஒத்திகையா நான் ஒண்ணுக்கும் உதவாதவன்னு அழுதுட்டிருக்கேன், நீங்க மேல உக்காந்து மூச்சு வாங்கிட்டிருந்தீங்களா?"

"எனக்கும் இப்பத்தான் தெரியும்."

"அம்மாகிட்ட யாரு சொல்றது?"

அவன் மாமியாரின் நாற்காலிக்கு நடந்தான். மைக் அங்கேயே இருந்தது. எடுத்தான். தனியாகச் சொல்லியிருக்கலாம். திட்டு விழுந்தது எல்லோர் முன்னாலும்தானே என்று நினைத்தான்.

"அத்தை, லேட்டு என் கை. அவ எட்டுலதான் சொன்னா. பெரியவ எனக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிச் சமாளிச்சிட்டு இருந்திருக்கா. புத்தகத்துல எழுதி வெச்சிருக்கா."

மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. மாமியார் அவனையே பார்த்தார். "இது என்ன மாப்பிள்ளை புதுக் கதை?"

"பழைய கதைதான். நமக்குத்தான் தெரியல."

நெட்டை காலில் ஐஸ் கட்டுடன் படியில் சாய்ந்திருந்தாள். "அடப் பாவமே! ஆறு வருஷமா என் உசுரு ஒரு பென்சில் முனையிலதான் தொங்கிட்டு இருந்துச்சா அண்ணா?"

மூன்று மணிக்கு மறுபடி முப்பத்துநாலு. நெட்டை கணுக்காலை இறுகக் கட்டிக்கொண்டு, வேண்டாம் என்றவர்களைத் தள்ளிவிட்டு ஏறினாள்.

"ஸ்டாண்ட்பை."

ஏழு. சின்னவளின் மூச்சு ஹெட்செட்டில் கேட்டது.

"கோ."

நெட்டை காற்றில் இருந்தபோது வெளிச்சம் அவளைப் பிடித்தது. கத்தி மாதிரி வந்தது. தரையில் அவள் கால் பட்ட சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை செய்தார்கள். இன்னொரு தடவையும். மூன்றும் சொல்லி வைத்த மாதிரி விழுந்தன.

அடுத்து ஆட்டம் முழுவதையும் ஒரே மூச்சில் ஓட்டிப் பார்த்தார்கள். எந்த இடத்திலும் மைக் அலறவில்லை. முடிந்தபோது மணி நாலரை.

மாமியார் மேடையேறி மறைவுக்குப் போனார். சின்னவளின் ஹெட்செட் இன்னும் காதில்தான் இருந்தது. அதனால் அங்கே பேசியது கண்ணாடி அறையில் அவனுக்கும் கேட்டது.

"காலையில திட்டினதை மனசுல வெச்சுக்காதே."

"இல்லம்மா."

"கண்ணை மூடிட்டுக் கேட்டேன். பெரியவ வந்து உக்காந்த மாதிரியே இருந்துச்சு. ஆளைத் தெரிஞ்சுதான்டி சொல்லிட்டுப் போயிருக்கா. இந்த நாற்காலி இனிமே உன்னோடது. அடுத்த வருஷம் பதினாலு ஊர்ல காட்சி. எல்லாத்துக்கும் நீதான்."

சின்னவள் புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது.

"சரிம்மா" என்றாள்.

அவன் ஹெட்செட்டைக் கழற்றினான். மறுபடி மாட்டினான். அங்கே இப்போது யாரும் இல்லை. காற்று மட்டும் இரைந்தது. தன் வாயால் கெட்டதை இன்று மத்தியானம் தன் வாயாலேயே சரி செய்துவிட்டதாக நினைத்திருந்தான். முடிச்சு இன்னும் இறுகித்தான் போயிருந்தது. காலையில் அவள் தோற்றுக்கொண்டிருந்தாள். தோற்றவள் எப்படியாவது கிளம்பிப் போயிருப்பாள். ஜெயித்தவளை யார் விடுவார்கள்?

சும்மா இருந்தால் போதும். நாளை மறுநாள் காட்சி நடக்கும். வெளிச்சம் நேரத்துக்கு விழும். அத்தை முகத்தில் ஏழு மாதம் கழித்து ஒரு களை வந்திருக்கிறது. சும்மா இருப்பதில் அவனுக்கு நல்ல பழக்கமும் உண்டு.

எழுந்து ஓடினான். படியில் இரண்டு இரண்டாக இறங்கினான்.

சாமான் இறக்கும் பெரிய கதவு அரங்கத்தின் பின்பக்கம் இருந்தது. அது பாதி திறந்து கிடந்தது. வெளிப்பக்கப் படியில் சின்னவள் உட்கார்ந்து போனில் எழுதிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் போனை நீட்டினாள்.

"சரியா இருக்கா பாருங்க மாமா. தப்புத் தப்பா எழுதி அனுப்பினா அசிங்கம்."

'அன்புடையீர், குடும்பக் காரணங்களால் தங்கள் பணி வாய்ப்பை ஏற்க இயலாத நிலையில்...'

அதற்கு மேல் படிக்கவில்லை.

"அனுப்பாத."

"மணி நாலு நாப்பது. அப்புறம் எப்ப அனுப்பறது?"

"அவ சொல்லல."

"யாரு?"

"உங்கக்கா. புத்தகத்தை உன்கிட்ட குடுக்கச் சொல்லல. நான்தான் சொன்னேன்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"விளையாடாதீங்க மாமா."

"அத்தை சட்டையைப் பிடிச்சுக் கேட்டாங்க. மடியில புத்தகம் இருந்துச்சு. வாயில வந்துடுச்சு."

"மடியில பூனைக்குட்டி இருந்திருந்தா? பூனைக்குட்டியைத் தங்கச்சிகிட்ட குடுன்னு சொன்னான்னு சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருப்பேன்."

"நான் பூனை வளர்த்திட்டு இருந்திருப்பேன்!" எழுந்து நின்றாள். "ஏழு மாசம் மாமா. அக்கா என்னை நம்பினாளேன்னுதான் ஒவ்வொரு நாளும் காலையில எழுந்திருச்சேன். எனக்கு இருட்டுன்னாலே பயம், தெரியுமா உங்களுக்கு? இருட்டுக்குள்ள உக்காந்து எண்ணிட்டிருந்தேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க."

"ஆமா."

திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை. அவனைத் தாண்டிக் கதவைப் பார்த்தாள். முகம் மாறியது.

அவன் திரும்பினான். மாமியார் கதவின் உள்பக்கம் நின்றுகொண்டிருந்தார். கையில் நெட்டையின் ஐஸ் பை. அதிலிருந்து தண்ணீர் அவருடைய காலில் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"என்ன அனுப்பப் போறே?" என்றார் முதலில். சின்னவள் போனைக் கொடுத்தாள். கையை எட்ட நீட்டி வைத்துப் படித்தார். திருப்பிக் கொடுத்தார். 'அனுப்பு' என்றும் சொல்லவில்லை, 'அனுப்பாதே' என்றும் சொல்லவில்லை.

பிறகு அவன் பக்கம் வந்தார்.

"அப்ப என் பொண்ணு ஒண்ணுமே சொல்லலையா மாப்பிள்ளை?"

"சொன்னா அத்தை."

"அதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவனுக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. நின்றான். சட்டையில் அந்தப் பட்டன் இன்னும் மாறித்தான் கிடந்தது. சின்னவளின் போன் வெளிச்சம் அணைந்தது. அவள் விரலால் தொட்டு மறுபடி எரிய வைத்தாள். நாலு ஐம்பத்திரண்டு.

"மத்தியானம் மூணு மணி இருக்கும்" என்றான். "காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்துச்சு. தலையணையைத் திருப்பிப் போடச் சொன்னா. போட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தா. டாக்டர் அன்னிக்கு ஆறு மணிக்குத்தான் வந்தார் அத்தை, அதுக்குள்ள முடிஞ்சிருந்துச்சு. மூணுலேர்ந்து ஆறு வரைக்கும் நான் பக்கத்துல நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். எழுப்பல. ஒரு தடவைகூட எழுப்பல."

"ஏன் எழுப்பல?"

மாமியாரின் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, கேட்டார்.

அவள் சொன்னதை, கூட்டாமல் குறைக்காமல், அவள் சொன்ன மாதிரியே சொன்னான்.

"டாக்டர் வந்தா எழுப்பு. வரலைன்னா விடு, தூங்குறேன்."